ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் போட்டு ஓர் இரவு: திருகோணமலையில் இருந்து போகிறவர்கள் என்ன கொண்டுபோக வேண்டும்?

உப்புவெளிச் செல்வன் | வெள்ளி இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரி நடுப்பகுதியில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்குவதாகப் பேசியிருக்கிறோம். கனடாவில் இருந்து அக்கா குடும்பம் வருகிறது. அத்தானுக்குக் கூடாரம் என்றால் உயிர். பனி கொட்டும்போதே காட்டுக்குள் படுத்தவராம். "இலங்கையில் என்ன பெரிய குளிர்" என்று தொலைபேசியிலேயே சிரிக்கிறார். எங்கள் பக்கத்தில் நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, மாரியில் இடைக்கிடை மூச்சு இழுப்பு வரும். ஆனால் உலக முடிவு என்கிற அந்தச் செங்குத்து மலை விளிம்பைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

என்னிடம் இருப்பது நிலாவெளிக் கடற்கரையில் போடுவதற்கு வாங்கிய கூடாரம். நாலு பேர் படுக்கலாம், ஒற்றைத் துணி. காற்றடைக்கும் மெத்தை ஒன்று, கம்பளி இரண்டு. அனுமதி எப்படி எடுப்பது, இந்தக் கூடாரம் தாங்குமா, மேலே சமைக்கலாமா, அம்மாவைக் கூட்டிப்போகலாமா? சிறுத்தை பற்றியும் யாராவது சொல்லுங்கள். மனைவி கேட்கச் சொன்னார்.

நிலாவெளிப் பொடியன் | வெள்ளி இரவு 9.21

சிறுத்தை வந்தால் அத்தானைக் காட்டிவிடுங்கள். கனடாக் குளிரில் இருந்தவர், பழுதாகாமல் இருப்பார்.

கிண்ணியா ஹயஸ் | வெள்ளி இரவு 10.02

செல்வன் தம்பி, முதல் வேலை அனுமதி. சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. விரும்பிய புல்தரையில் கூடாரம் அடிக்க முடியாது. அவர்கள் ஒதுக்கிய முகாம் இடங்களில்தான் அடிக்கலாம், அதையும் முன்கூட்டியே திணைக்களத்தில் பதிந்து காசு கட்டவேண்டும். வாசலில் போய் நின்றுகொண்டு "கூடாரம் கொண்டுவந்திருக்கிறோம்" என்றால் ஒன்றும் நடக்காது. பெப்ரவரி என்பது எல்லாரும் மலைக்கு ஏறும் மாதம், அதனால் திகதி முடிவானதும் பதிந்துவிடுங்கள்.

அத்தானிடம் கனடாப் பாஸ்போர்ட்தான் என்றால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். நம்முடையதை விட எத்தனையோ மடங்கு. தமிழ் முகம், தமிழ்ப் பேச்சு என்று நடுவில் நிற்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று யோசிக்காதீர்கள். எனது வான் வண்டியில் வந்த ஒரு குடும்பம் அப்படிச் செய்யப்போய், விடிய வெள்ளென எழும்பி வந்த பயன் முழுவதும் வாசல் வாக்குவாதத்திலேயே போய்விட்டது. உள்ளே போய்ச் சேர உலக முடிவு முழுக்க முகில்.

பாதை: கந்தளாய், ஹபரண, தம்புள்ள, மாத்தளை, கண்டி. பிறகு கம்பளை, புசல்லாவ, ரம்பொட, நுவரெலியா. அதன்பிறகு அம்பேவெல, பட்டிப்பொல. எல்லாமாக 300 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் சரி என்று நினைப்பீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்த நேரம் யானை வீதிக்கு வரும். நான் வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தத் துண்டைக் கடப்பேன். அப்படியானால் அதே நாளில் சமவெளிக்குப் போய்க் கூடாரமும் அடிப்பது இழுபறி. முதல் இரவை நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் பகலில் நிதானமாக மேலே போங்கள்.

அக்கரப்பத்தனைக்காரன் | வெள்ளி இரவு 11.37

நான் வேலைக்காகத் திருகோணமலையில் இருக்கிறேன். வீடு அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டம் ஒன்றில், சமவெளியின் மேற்குச் சரிவுக்குக் கீழே. இந்த இழையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குளிருக்குத் தப்ப வழி தேடினார்கள். நீங்கள் காசு கட்டி அதற்குள் போய்ப் படுக்கப்போகிறீர்கள். சரி, போவதென்று முடிவெடுத்தால் கேளுங்கள்.

இங்கே குளிர் என்றால் வாடைக்காற்றும் மார்கழி மழையும்தான். காற்றை மறைத்து ஒரு போர்வை போர்த்தினால் முடிந்தது. சமவெளியில் ஆளை எழுப்பி உட்காரவைப்பது தரை. போர்த்துவதற்கு எத்தனை கொண்டுபோனாலும் கீழே ஒன்றும் இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு முதுகு விறைத்து எழும்புவீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் பாட்டி படுக்கை போடுவதைச் சொல்கிறேன். சீமெந்துத் தரையில் முதலில் சாக்கு, இரண்டாக மடித்து. அதன்மேல் கிழிந்த பழைய கம்பளி. அதன்மேல் பாய். மேலே போர்த்த ஒரேயொரு நல்ல கம்பளி. கீழே மூன்று, மேலே ஒன்று. நாங்கள் சின்ன வயதில் அந்தச் சாக்கின் அரிப்புக்குப் பயந்து இழுத்து எறிவோம், விடியும்போது நாங்களே தேடி எடுத்து விரித்திருப்போம்.

விஷயம் இதுதான். கம்பளி சூடு தருவதில்லை, தனக்குள் இருக்கும் காற்றால் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நீங்கள் மேலே படுத்து நசுக்கியதும் அந்தக் காற்று போய்விடும். அதனால் முதுகுக்குக் கீழே நசுங்காத சாமான் வேண்டும். நல்ல தடிப்பான ஃபோம் பாய். உங்கள் காற்றடைக்கும் மெத்தை நிலாவெளிக்குச் சரி, அங்கே வேண்டாம். அதற்குள் இருக்கும் காற்று புரண்டுகொண்டே இருக்கும். உடம்புச் சூட்டை வாங்கித் தரைக்குக் கொடுப்பதுதான் அதற்கு வேலை.

தை, மாசியில் மழை குறைவு, நடப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் வானம் தெளிந்திருக்கும் இரவில்தான் குளிர் கடுமை. முகில் மூடியிருந்தால் தரைச் சூடு அவ்வளவு சீக்கிரம் தப்பாது. தெளிந்த வானம் என்றால் எல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் கூட, அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளத்துப் புல்லில் வெண்பனி உறைந்திருக்கும், கொஞ்சம் மேலே காட்டு ஓரத்தில் ஒன்றும் இருக்காது. எங்கள் தோட்டத்திலும் பள்ளத்து மலையில்தான் கொழுந்து கருகும். அப்படியான விடியலில் கூடாரத்து மேல்துணியை மடித்தால் அப்பளம் போல நொறுங்கும். பகல் பத்து மணிக்கு அதே இடத்தில் தொப்பி இல்லாமல் நடந்தால் மூக்குத் தோல் உரியும். அந்த உயரத்தில் வெயில் குறைந்த மாதிரித் தெரியும், உண்மையில் கூட.

உப்புவெளிச் செல்வன் | சனி காலை 6.48

அண்ணே, இவ்வளவு விபரமாக எழுதியதற்கு நன்றி. அத்தானுக்கு அனுப்பினேன். "நான் பூச்சியத்துக்குக் கீழே பத்திலும் படுத்திருக்கிறேன், ஒரு புல்வெளிக்கு இவ்வளவு பயமா" என்கிறார்.

அக்கரப்பத்தனைக்காரன் | சனி காலை 7.05

அவர் அங்கே எதற்குள் படுத்தார் என்று கேளுங்கள். குளிருக்கென்று தைத்த படுக்கைப் பை, அதற்குரிய பாய், இரட்டைத் துணிக் கூடாரம், கம்பளி உள்ளுடுப்பு. அந்தச் சாமானோடு வந்தால் அவர் சமவெளியில் குறட்டை விடுவார். சாரமும் டீசேர்ட்டுமாக வந்தால் கனடாக்காரருக்கும் நமக்கும் ஒரே நடுக்கம்தான். பெட்டியில் சொக்லேட்டைக் குறைத்துப் படுக்கைப் பை நாலு கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிண்ணியா ஹயஸ் | சனி காலை 7.30

சொக்லேட்டில் கை வைக்காதீர்கள். வேறு எதையாவது குறைக்கட்டும்.

ஓய்வூதியர் | சனி காலை 8.12

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கூடாரம் எதற்கு? ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ கட்டிலில் படுத்து, விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டு, ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போகலாம். சுற்றுப்பாதை முழுவதும் ஒன்பதரைக் கிலோமீற்றர் வரும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு முன் வெளியே வந்துவிடலாம். உலக முடிவில் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கீழே இருந்து முகில் ஏறி மூடிவிடும். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம் என்று பெயர்தான், நீங்கள் பார்ப்பது வெள்ளைச் சுவர். ஆகவே காலை முக்கியம், இரவு முக்கியம் இல்லை. இரவில் அங்கே என்ன பார்ப்பீர்கள்? மூடுபனி. இந்தக் காலத்தில் கூடாரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போடவேண்டும், அதற்காக ஒரு வயதான அம்மாவைக் குளிரில் கிடத்துவதா?

கொட்டியாரத்தான் | சனி காலை 9.40

ஓய்வூதியர் ஐயா சொல்வதில் பாதி சரி. அம்மா விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். ஆனால் இரவில் ஒன்றும் இல்லை என்பதை ஏற்கமாட்டேன்.

நான் தங்கியது மார்ச் தொடக்கத்தில், அலுவலக நண்பர்களோடு. பின்னேரம் பகல்காரர் எல்லாம் போன பிறகுதான் அந்த இடம் வேறு இடமாகிறது. பார்வையாளர் நிலையம் இருக்கும் ஃபார் இன் பக்கம் வான் வண்டிச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் அடங்கி அரை மணித்தியாலத்தில் மரைகள் காட்டு ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் புல்லுக்கு இறங்கின. ஒரு கிழட்டு ஆண் மரை, கொம்பில் பாசி தொங்க, ஓடைக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று தண்ணீருக்குள் இருந்த புல்லை இழுத்து இழுத்துத் தின்றது. இழுக்கும்போதெல்லாம் வேரோடு வரும் சேற்றைத் தலையை ஆட்டி உதறியது. அந்த உதறலில் எழும்பிய தண்ணீர்த் துளிகள் சாய்ந்த வெயிலில் தெரிந்தன. பகலில் போகிறவர்கள் பார்ப்பது வாகனத் தரிப்பிடத்தில் பாணுக்கு மூக்கை நீட்டும் மரையை. இரண்டும் ஒரே மிருகம்தானா என்று கேட்கவேண்டி இருக்கும்.

இன்னொன்று, நான் மூதூர்க்காரன். மகாவலி எங்கள் ஊரடியில்தான் கொட்டியாரக்குடாவில் விழுகிறது, 335 கிலோமீற்றர் ஓடி வந்து. அதன் தலைத்தண்ணீர் ஊறும் இடத்தில் படுத்து எழும்பவேண்டும் என்பது எனக்குச் சின்ன வயது ஆசை. பேக்கர் நீர்வீழ்ச்சியில் கையை வைத்தபோது இது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கரப்பத்தனைக்காரன் | சனி காலை 10.15

அண்ணே, ஆசையைக் கெடுக்கிறேன், மன்னிக்கவேண்டும். பேக்கர் நீர்வீழ்ச்சி பெலிஹுல் ஓயாவில் இருக்கிறது. அது தெற்கே இறங்கி வளவை கங்கையோடு சேர்ந்து அம்பலாந்தோட்டையில் கடலுக்குப் போகிறது. உங்கள் மூதூருக்கு வருவது எங்கள் பக்கத்துத் தண்ணீர். ஆக்ர ஓயா சமவெளிப் பக்கத்தில் இருந்து இறங்கி, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. களனியின் தலைத்தண்ணீரும் அந்த மலைகளில்தான். ஒரே சமவெளியில் பெய்த மழை ஒரு பங்கு கொழும்புப் பக்கம், ஒரு பங்கு தெற்கே, ஒரு பங்கு உங்கள் குடாவுக்கு. எங்கள் பீலித் தண்ணீரில் கை வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

கொட்டியாரத்தான் | சனி காலை 10.22

அப்படியானால் அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தேநீர் போடுங்கள்.

ஓய்வூதியர் | சனி காலை 10.50

இந்தத் தண்ணீர்க் கதை நல்லது. ஒரு சேர்க்கை. அங்கே காடு மிஞ்சியதே ஒரு யோசனையால்தான். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873-இல், 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொடாமல் விடுங்கள் என்று அன்றைய அரசுக்குச் சொன்னார். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காட்டு மரங்கள் மழையை மட்டும் அல்ல, கடந்து போகும் மூடுபனியையும் இலையில் பிடித்துத் தண்ணீராக இறக்குகின்றன. 2010-இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமை ஆனபோது சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சமவெளியும் அதில் சேர்ந்தது. சமவெளிக்குப் பெயர் கொடுத்த வில்மட் ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை தேசாதிபதி. ஊர்க்காரர் அதை மகா எலிய என்பார்கள்.

கூடாரம் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

இரவுக்கடமை | சனி பின்னேரம் 3.18

இப்போதுதான் எழும்பினேன். செல்வன், நான் ஒரு தாதி. அம்மா விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உயரத்தைப் பார்த்துப் பயப்பட அவ்வளவு இல்லை. சமவெளி 2,100 மீற்றரில் இருந்து 2,300 மீற்றர் வரை. மலை நோய் என்று சொல்வது பெரும்பாலும் 2,500-க்கு மேல்தான் ஆளைப் பிடிக்கும். ஆனாலும் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்குதான். நடந்தால் மூச்சு வாங்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை குளிர்ந்த காற்று. அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். இரவு முழுவதும் அதையே சுவாசிப்பது ஒன்று, காலையில் வாயையும் மூக்கையும் சால்வையால் மூடிக்கொண்டு கொஞ்சத் தூரம் மெதுவாக நடப்பது இன்னொன்று. முதலாவது வேண்டாம். இரண்டாவதற்கு, போகுமுன் அம்மாவின் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலரை வானில் வைக்காதீர்கள். அம்மாவின் உடுப்புக்குள், உடம்போடு இருக்கட்டும்.

கூடாரத்தில் படுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். நான் கடுமையாகவே சொல்லப்போகிறேன். கூடாரத்துக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள். காஸ் அடுப்பையும் உள்ளே மூட்டாதீர்கள், கையைச் சூடாக்குவதற்குக்கூட. வெளியே மழை என்றாலும் உள்ளே வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே ஆள் போய்விடும். அடுத்தது சாராயம். பூங்காவுக்குள் அது கூடவும் கூடாது, குளிருக்கு மருந்தும் இல்லை. தோலில் இரத்தக் குழாய் விரிவதால் சூடு ஏறியதாகத் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

யாராவது நிறுத்தாமல் நடுங்கினால், பேச்சுக் குழறினால், சிப்பை இழுக்கக்கூட விரல் வராமல் தடுமாறினால் உடனே ஈர உடுப்பைக் கழற்றுங்கள். காய்ந்ததைப் போட்டு, போர்த்தி, சீனி கூடப் போட்ட சுடுதேநீர் கொடுங்கள். கையைக் காலைத் தேய்த்துவிடவேண்டாம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலே நடுக்கம் நின்று சோர்ந்து போனால் அதைச் சுகம் என்று நினைக்காதீர்கள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். படுக்கப் போகுமுன் எல்லோரும் உடுப்பு மாற்றவேண்டும். பகலில் வியர்த்த பருத்திச் சட்டையோடு படுப்பதுதான் நம்மவர்கள் செய்யும் வேலை. காலுறைகூடப் புதிதாக.

நிலாவெளிப் பொடியன் | சனி பின்னேரம் 3.31

திரும்பி வந்து கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் குளித்தால் எல்லாம் சரியாகிவிடும் அக்கா.

உப்புவெளிச் செல்வன் | சனி இரவு 8.05

அக்கா, மிகவும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் முகம் வாடியது. ஆனால் காலையில் கட்டாயம் கூட்டிப்போவதாகச் சொன்னதும் சமாதானம். மனைவியும் அம்மாவோடு கீழே நிற்கிறாராம். சிறுத்தைப் பயம் என்று வெளியே சொல்லவில்லை.

இப்போது சமையல். இரவுக்கு நெருப்பு மூட்டி, கருவாடு சுட்டு, புட்டு அவிக்கலாம் என்று அத்தான் கனவு காண்கிறார். கனடாவில் கருவாடு சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிப்பார்களாம். சின்னக் காஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது.

கிண்ணியா ஹயஸ் | சனி இரவு 8.44

நெருப்பு என்ற பேச்சையே விடுங்கள். தை, மாசியில் அந்தப் புல் காய்ந்து நிற்கும், காற்றும் இருக்கும். கருவாடு சுட்டால் காட்டுப் பன்றி விருந்துக்கு வரும். அத்தானுக்குக் கருவாட்டை உப்புவெளி வீட்டு முற்றத்திலேயே சுட்டுக் கொடுங்கள்.

சமையல் விஷயத்தில் உயரம் விளையாடும். அங்கே தண்ணீர் 93 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பருப்பு அவியாது. சோறும் நேரம் எடுக்கும், காஸ் தீரும். அந்தச் சின்னக் காஸ் ரின்னில் பியூட்டேன்தான் என்றால் குளிரில் ஆவியாவது குறைந்து நெருப்பு சோர்ந்து எரியும். விடிய அதைக் கொஞ்ச நேரம் ஜக்கெட்டுக்குள் வைத்திருந்து எடுத்தால் எரியும். நேராக நெருப்பில் காட்டிச் சூடாக்குகிற ஆட்களும் உண்டு, அவர்களோடு நான் பயணம் போவதில்லை. வெறும் தேநீருக்கும் சூப்புக்கும் மட்டும் அடுப்பை வைத்துக்கொண்டு, சாப்பாட்டைக் கீழே இருந்து கொண்டுபோங்கள். பாண், கட்டைச் சம்பல், அவித்த முட்டை, வாழைப்பழம், கச்சான், பேரீச்சம்பழம். தேங்காயெண்ணெய் கொண்டுபோகவேண்டாம், போத்தலுக்குள் கட்டியாகி நிற்கும். பெரிய பிளாஸ்க் இரண்டில் சுடுதண்ணீர்.

வாசலில் பை பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் தாளைக்கூடக் கிழித்து வாங்கிவிடுவார்கள். லஞ்ச் சீட்டும் ஷொப்பிங் பேக்கும் வானிலேயே கிடக்கட்டும். வாழையிலையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ரின், பனையோலைப் பெட்டி. என் மனைவி ஓலைப் பெட்டியில்தான் கட்டித் தருவார், அங்கே கடமையில் இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

உப்புவெளிச் செல்வன் | சனி இரவு 9.10

சிறுத்தை, நாநா?

கிண்ணியா ஹயஸ் | சனி இரவு 9.26

இருக்கிறது. விடியலிலும் இரவிலும் பாதையைக் கடக்கும். அது மரையைத் தேடி வருகிறது, உங்கள் அத்தானை அல்ல. இருட்டிய பிறகு முகாம் இடத்தை விட்டு நடக்கவேண்டாம். பொடியனை இரவில் தனியே சிறுநீர் கழிக்க அனுப்பாமல் பெரியவர் ஒருவர் டோர்ச்சோடு கூடப் போகவேண்டும். சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் வானுக்குள், கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். கூடாரத்தைக் கிழிக்க வாய்ப்புள்ளது பன்றியும் மரையும்தான்.

அக்கரப்பத்தனைக்காரன் | சனி இரவு 10.40

மரைக்குப் பாண் கொடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. தயவுசெய்து கொடுக்காதீர்கள். தரிப்பிடத்தில் நிற்கும் மரை பார்வைக்குச் சாது, பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மனிதன் கையில் தின்று பழகியது மணத்துக்காகப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும், அது வயிற்றில் கட்டிச் சாகும். பாண் கிடைக்காத நாளில் கொம்பால் பையைப் பறிக்கும். பிறகு மிருகத்தின் மேல்தான் குற்றம்.

செல்வன் அண்ணே, உங்கள் கூடாரம் பற்றி இன்னும் பதில் வரவில்லை. ஒற்றைத் துணி என்றால் சிக்கல் மழையில் மட்டும் இல்லை. உள்ளே மூன்று பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகும். விடிய அது உங்கள் மேலேயே சொட்டும். குளிர் என்று சன்னல் வலையை இறுக்கி மூடுவார்கள், அதனால் இன்னும் மோசம். மேலே உள்ள காற்றுவழியைத் திறந்துவிட்டே படுங்கள். கூடாரத்துக்கு மேல் ஒரு படங்கை, துணியில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, இறுக்கிக் கட்டினால் இரட்டைத் துணிக்குக் கிட்ட வரும். கீழே விரிக்கும் படங்கு கூடாரத்தை விடச் சின்னதாக இருக்கவேண்டும். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். நிலாவெளி மணலுக்கு வாங்கிய முளை அந்த மண்ணில் நிற்கும், ஆனால் மெல்லிய கம்பி என்றால் காற்றுக்கு வளையும். தடித்த முளை பத்து வாங்குங்கள்.

ஓய்வூதியர் | ஞாயிறு காலை 7.20

படங்குக்கு மேல் படங்கு, பாய்க்குக் கீழ் சாக்கு, பையில் பத்து முளை. ஒஹியவில் ஒரு அறை எவ்வளவு மலிவு என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?

கொட்டியாரத்தான் | ஞாயிறு காலை 7.41

ஐயா, ஒஹிய அறைக்கு மரை வராது.

ஓய்வூதியர் | ஞாயிறு காலை 7.50

சிறுத்தையும் வராது.

இரவுக்கடமை | ஞாயிறு காலை 8.30

ஐயா, அம்மா கீழே நிற்பது என்று முடிவாகிவிட்டதே. ஆரோக்கியமான ஆட்கள் மேலே போய் நடுங்கட்டும், விடுங்கள்.

உப்புவெளிச் செல்வன் | ஞாயிறு பின்னேரம் 5.12

இப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். முதல் இரவு எல்லோரும் பட்டிப்பொலப் பக்கம் வீட்டு விடுதி ஒன்றில். இரண்டாம் நாள் அத்தான், மருமகன், நான், மகன் நாலு பேரும் மத்தியானம் போல மேலே போய்க் கூடாரம் அடிக்கிறோம். அம்மா, மனைவி, அக்கா மூவரும் விடுதியிலேயே. மூன்றாம் நாள் விடிய வான் அவர்களை ஏற்றிக்கொண்டு வாசல் திறக்கும் நேரத்துக்கு வரும். அம்மா சின்ன உலக முடிவு வரை, முடிந்தால். முடியாவிட்டால் புல்வெளியில் கதிரை போட்டு இருப்பாராம், "உலகம் எங்கே முடிந்தால் எனக்கென்ன" என்று இப்போது பேச்சு மாறியிருக்கிறது.

அத்தான் படுக்கைப் பை நாலு கொண்டுவரச் சம்மதித்தார். அக்காவின் சொக்லேட்தான் பாதியாகப் போகிறது. முகாம் இடத்துக்கு நாளைக்கே பதியப்போகிறேன். கிண்ணியா நாநா, அந்த வாரம் வான் இருக்கிறதா? இனி எனக்குக் குறை ஃபோம் பாய்தான். திருகோணமலைக் கடைகளில் கேட்டால் யோகாப் பாய் காட்டுகிறார்கள், விரல் தடிப்புக்கூட இல்லை.

கிண்ணியா ஹயஸ் | ஞாயிறு பின்னேரம் 5.40

வான் இருக்கிறது, திகதியை உள்பெட்டியில் அனுப்புங்கள். ஒரு நிபந்தனை. ரம்பொட இறக்கத்தில் நான் சின்ன கியரில் ஆமை வேகத்தில்தான் வருவேன். பிரேக்கை மட்டும் நம்பி அந்த இறக்கம் இறங்கமாட்டேன். அத்தான் கனடா வீதிக் கதை சொல்லி அவசரப்படுத்தக் கூடாது.

அக்கரப்பத்தனைக்காரன் | ஞாயிறு இரவு 7.02

யோகாப் பாய் என்றால் ஆளுக்கு இரண்டு அடுக்கி, அதன் கீழ் சாக்கு. மரக்கறிக் கடையில் உருளைக்கிழங்குச் சாக்கு கேளுங்கள், காய்ந்ததாகப் பார்த்து. ரெஜிபோம், அந்த வெள்ளைப் பொதி நுரை, வெட்டிக் கொண்டுபோகலாமா என்று யாராவது யோசிப்பீர்கள், வேண்டாம். நொறுங்கிப் புல் முழுக்கச் சிதறும்.

இரவுக்கடமை | ஞாயிறு இரவு 7.25

என்னிடம் தடித்த ஃபோம் பாய் இரண்டு சும்மா கிடக்கிறது. நாளை எனக்கு இரவு வேலை, அதனால் நாலு மணிக்கு முன் உவர்மலைக்கு வந்து எடுங்கள். திருப்பித் தரும்போது வெயிலில் காயவைத்துத் தரவேண்டும்.